மட்டம் 100.000

படிவத்தில் பதினொரு கட்டம்.
ஒன்பதாவது: எஞ்சிய ஆயுள்.
"சைபர்னு போட்டுட்டு வந்துடும்மா" என்றார் செயற்பொறியாளர்,
ஓசூரில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே.
"சின்ன வீடுதான். பங்களாகூட இல்ல."

உண்மைதான்.
தளியில் அன்று பனி இறங்கியிருந்தது.
வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தால்
ஓட்டுக் கூரையின் முக்கோணம் மட்டும்.
எந்தத் துரையும் வேட்டைக்கு வந்து தங்கிய வீடில்லை.
எட்வர்டு தலை போட்ட காசு புழங்கிய நாளில்
மாட்டு வைத்தியருக்குக் கீழே வேலை பார்த்த எவனுக்கோ
இரண்டு அறை, ஒரு கணப்பு,
ஓராள் உட்காரும் அளவுக்கு வெளியே துருத்திய ஜன்னல்.
மழைநீர்த் தகரத்தில் 1908.
எட்டைத் துரு பாதி தின்று மூன்றாக்கியிருந்தது.

முனியல்லப்பா சாவிக்கொத்தோடு வந்தார்.
ஒன்பது சாவி, ஒரே கதவு.
மற்ற கதவுகள்?
"எரிச்சிட்டோம் மேடம். பட்டுப்பூச்சி ஆபீஸ் இருந்தப்ப.
அந்த வருசம் குளிரு அப்பிடி."
மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சாவி முனையால் சுவரைச் சுரண்டினேன்.
அரசாங்க மஞ்சள்,
அதனடியில் விடுதிப் பிள்ளைகளின் பச்சை,
ரேஷன் குடோன் நீலம்,
எல்லாவற்றுக்கும் கீழே
விரலில் ஒட்டும் சுண்ணாம்பு.
சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடங்கள்தான்
உப்பி, வெடித்து, ஈரம் கோத்திருந்தன.
சுண்ணாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதை எழுதக் கட்டம் இல்லை.

தோட்டத்துக்கும் இல்லை.
'மரங்கள் இருப்பின் எண்ணிக்கை' என்று ஒரு வரி.
சில்வர் ஓக் நான்கு, காய்க்காத பேரி ஒன்று.
செங்கல்லைச் சாய்த்து நட்ட பாத்தி விளிம்பு
ரம்பப் பல்லாகப் புல்லுக்குள் ஓடிக்
கிணற்றடியில் நின்றுவிட்டது.
அங்கே ஒரு ரோஜாப் புதர்;
மரமென்று எழுத முடியாது.
குச்சியெல்லாம் முள். பூ ஒரு ரூபாய்க் காசளவு.
சந்தையில் எவரும் சீந்தாத வெளிறிய சிவப்பு.
ஆனால் வேர் சாகாதாம்.
கார்த்திகை பிறந்தால் பசுமைக்குடில்காரர்கள் வந்து
குச்சி வெட்டிப் போய்
அதன் தலையில் ஒட்டுக் கட்டுகிறார்கள்.
பிப்ரவரியில் பெட்டி பெட்டியாக விமானம் ஏறும்
நீளக்காம்புப் பூவுக்குக் கீழே
மண்ணுக்குள் நிற்பது இதுதான்.
"குச்சிக்கு எவ்வளவு தருவாங்க?"
"காசா? டீ வாங்கித் தருவாங்க மேடம்."

எல்லாம் அளந்து முடித்துச்
செருப்பு மாட்ட வாசலில் குனிந்தேன்.
கருங்கல் படி. இடது ஓரத்தில்
உளியால் கொத்திய கிடைக்கோடு,
அதை முட்டி நிற்கும் ஓர் அம்பு.

எனக்கு அதைத் தெரியும்.
பார்த்ததில்லை, ஆனால் தெரியும்.
எங்கள் ஆபீஸ் மட்டப் புத்தகங்களில்
முதல் பக்கம்தோறும் பென்சிலில் இருக்கும்:
'ஓட்டு வீட்டு வாசற்படி, 100.000.'
கடல் மட்டம் அல்ல.
அடிக்கணக்கு மீட்டரான காலத்தில்
யாரோ வசதிக்கு நூறென்று வைத்துக்கொண்டது.
அதிலிருந்து எண்ணித்தான்
பஸ் ஸ்டாண்டு தளம் 101.350,
சந்தைச் சாக்கடை வாய் 97.820,
தண்ணீர்த் தொட்டியின் கால்கள், ஏரி மதகு.
மூன்று வருடமாக நான் போட்ட ஒவ்வொரு கோடும்
இந்தக் கல்லில் ஒரு கால் ஊன்றித்தான் கிளம்பியிருக்கிறது.
மழை எந்தப் பக்கம் ஓட வேண்டுமென்று
ஊருக்கு நாங்கள் சொன்னதெல்லாம்
இதைக் கேட்டுச் சொன்னது.

போன் செய்தேன்.
"அதனால என்ன? மட்டத்தை
ஸ்கூல் படிக்கட்டுக்கு மாத்திக்கோ. அரை மணி வேலை."
அதுவும் உண்மைதான்.
மாற்றலாம்.
மாற்றுவதற்கும்
அளவுகோலை முதலில் இந்தப் படியில்தான் நிறுத்த வேண்டும்.

முனியல்லப்பா எட்டிப் பார்த்தார்.
"என்ன போட்டீங்க மேடம்?"
ஒன்பதாவது கட்டத்தில்
பேனா ஒரு புள்ளி வைத்திருந்தது.
சைபரின் தொடக்கமாகவும் இருக்கலாம்,
நூறுக்குப் பின் வரும் புள்ளியாகவும்.
பதினொன்றரை பஸ் போய்விட்டிருந்தது.
படியில் உட்கார்ந்தேன். கல் இன்னும் சில்லென்றிருந்தது.